டி.என்.ஏ.யை ஒளிரவைக்கும் சாயங்கள் கலத்தின் வேலையை மாற்றுகின்றனவா?

செம்மணி, கொக்குத்தொடுவாய், மன்னார் என்று மனிதப் புதைகுழிகள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்ததன் பின்னர் டி.என்.ஏ. என்ற சொல் எமது வீடுகளில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கிவிட்டது. அது எப்படிப் பரிசோதிக்கப்படுகிறது, யாருடைய மாதிரி தேவை, முடிவை எந்தளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகள் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கு வெறும் விஞ்ஞானக் கேள்விகள் அல்ல. இந்த டி.என்.ஏ. பற்றிய கட்டுரைகளோடும் காணொளிகளோடும் அநேகமாக ஒரு படமும் சேர்ந்து வரும். இருண்ட பின்னணியில் நீல நிறத்தில் ஒளிரும் வட்டங்கள். அவை மனிதக் கலங்களின் கருக்கள். டி.என்.ஏ.க்கு இயல்பாக அப்படியொரு நிறம் கிடையாது. அதைக் கண்ணால் காண்பதற்காக ஆய்வுகூடத்தில் சேர்க்கப்படும் ஒளிரும் சாயத்தின் நிறம் அது.

இந்தச் சாயம் டி.என்.ஏ.யின் மீது நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால்தான் அது பிரகாசமாக ஒளிரும். அப்படியானால், சாயம் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. முன்னர் செய்த வேலையை அதே மாதிரித் தொடர்ந்து செய்யுமா? உயிருள்ள மனிதக் கலமொன்றின் மரபணுக்கள் சாயம் சேர்த்த பின்னரும் முன்போலவே இயங்குமா?

கலத்துக்கு உயிர் இருந்தால், சாயத்தின் அளவும் நேரமும் கூடினால், பெரும்பாலும் இயங்காது என்பதே பதில். இந்தச் சாயங்களுள் பல மரபணுக்களின் இயக்கத்தைத் தடுக்கவோ மாற்றவோ வல்லவை. இவற்றின் நெருங்கிய உறவினர்கள் சில புற்றுநோய் மருந்துகளாக எமது வைத்தியசாலைகளிலும் பயன்படுகின்றன. எனவே, ஒளிரும் படத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கு முன் அது எப்படிப் பெறப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

மனிதக் கலம் ஒன்றின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். அதை அடக்கிவைத்திருக்கும் கருவின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவுதான். நூற்கட்டையில் நூல் சுற்றப்படுவதைப் போல, ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களின் மீது டி.என்.ஏ. சுற்றப்பட்டு இப்படி அடக்கப்படுகிறது.

இந்த நீண்ட இழையில், புரதங்களை ஆக்குவதற்கான குறிப்புகளைக் கொண்ட பகுதிகள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. இவையே மரபணுக்கள். எமது பாடப்புத்தகங்கள் பரம்பரையலகு என்று சொல்வதும் இவற்றைத்தான். தோலின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஆனாலும் தோல் தோலாகவும் ஈரல் ஈரலாகவும் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கலமும் வெவ்வேறு மரபணுக்களை வாசிப்பதுதான். வாசிக்கப்படும் மரபணுவிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ. என்ற பிரதி எடுக்கப்படுகிறது. அந்தப் பிரதியைப் பார்த்துப் புரதம் ஆக்கப்படுகிறது. எந்த மரபணு, எப்போது, எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

இந்த வாசிப்புக்குச் சில ஒழுங்குகள் தேவை. மரபணுவின் தொடக்கம் எது என்று அடையாளம் காணும் புரதங்கள் சரியான இடத்தில் வந்து அமர வேண்டும். ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் என்ற நொதியம் இரு இழைகளையும் பிரித்துக்கொண்டே முன்னால் நகர வேண்டும். கயிறு திரித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், முறுக்கிய கயிற்றை நடுவில் பிரித்துக்கொண்டு போனால் முன்னால் முறுக்கு இறுகும். டி.என்.ஏ.யிலும் அப்படி இறுகுகிறது. அந்த முறுக்கைத் தளர்த்துவதற்கென்றே டோப்போஐசோமரேஸ் எனப்படும் நொதியங்கள் இருக்கின்றன. அவை டி.என்.ஏ.யைக் கணநேரம் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடியும் ஒட்டிவிடுகின்றன. இந்த ஒழுங்குகளில் எந்த இடத்தில் தடங்கல் ஏற்பட்டாலும் மரபணு வெளிப்பாடு மாறும்.

சாயம் எங்கே போய் அமர்கிறது?

டி.என்.ஏ.யை முறுக்கப்பட்ட ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். அதன் படிகள் இரண்டு வகைச் சோடிகளால் ஆனவை. அடினின் தைமினோடும், குவானின் சைற்றோசினோடும் சோடி சேர்கின்றன. ஏணி முறுக்கப்பட்டிருப்பதால் அதன் வெளிப்புறத்தில் இரண்டு தவாளிப்புகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஒன்று அகன்றது, மற்றையது ஒடுங்கியது.

ஒளிரும் சாயங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் இந்த ஏணியோடு சேர்கின்றன. தட்டையான வடிவமுள்ள மூலக்கூறுகள் இரண்டு படிகளுக்கு இடையே தம்மைச் செருகிக்கொள்கின்றன. இப்படியொரு செருகல் நடக்கிறது என்பதை லெனார்ட் லெர்மன் 1961இல் அக்ரிடின் சாயங்களை வைத்து முன்வைத்தார். நெடுங்காலம் உலகின் பெரும்பாலான ஆய்வுகூடங்களில் பயன்பட்ட எதிடியம் புரோமைட் இந்த வகையைச் சேர்ந்தது. அதன் ஒரு மூலக்கூறு செருகும்போது அந்த இடத்தில் ஏணி நீள்கிறது. முறுக்கும் ஏறத்தாழ 26 பாகை தளர்கிறது.

இரண்டாவது வழியில், வளைந்த நீளமான மூலக்கூறுகள் ஒடுங்கிய தவாளிப்புக்குள் படுத்துக்கொள்கின்றன. ஹொக்ஸ்ட் 33258, ஹொக்ஸ்ட் 33342, டாபி ஆகியவை இந்த வகை. அடினின்–தைமின் சோடிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களையே இவை விரும்புகின்றன. நீல வட்டங்களாக நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இந்தச் சாயங்களால் எடுக்கப்பட்டவை.

தண்ணீரில் தனித்து மிதக்கும்போது இச்சாயங்கள் மங்கலாகவே இருக்கும். உறிஞ்சிய ஒளியின் சக்தி மூலக்கூறின் அசைவிலும் சூழவுள்ள நீரிலும் வீணாகிவிடுகிறது. டி.என்.ஏ.யில் இறுக்கமாக அமர்ந்தவுடன் அந்த இழப்பு குறைந்து ஒளிர்வு பலமடங்கு கூடுகிறது. டாபியில் இது ஏறத்தாழ 20 மடங்கு, ஹொக்ஸ்ட் சாயங்களில் ஏறத்தாழ 30 மடங்கு. சாயத்தைப் பயனுள்ளதாக்கும் இந்த இறுக்கமே டி.என்.ஏ.யின் வேலைக்கு இடைஞ்சலாகவும் அமைகிறது.

மருந்து தேடியபோது கிடைத்தவை

இந்த மூலக்கூறுகளுள் சில எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அவற்றின் சுபாவம் இன்னும் தெளிவாகும். டாபி 1971இல் ஜேர்மனியில் ஒட்டோ டான் என்பவரின் ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது. அவர்கள் தேடியது சாயத்தை அல்ல. ஆபிரிக்காவில் மனிதரையும் மாடுகளையும் தாக்கும் திரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்தைத்தான் தேடினார்கள். எதிடியம் புரோமைட்டும் ஹோமிடியம் என்ற பெயரில் 1950களிலிருந்து மாடுகளுக்கு அதே நோய்க்கு ஊசியாகப் போடப்பட்டுவந்த மருந்து. ஹொக்ஸ்ட் சாயங்களின் பெயர் ஜேர்மனியின் ஹொக்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. சாயத் தொழிலில் தொடங்கி, 1910இல் மேகநோய்க்கான சல்வர்சான் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது.

இரண்டாம் உலகப் போரில் மலேரியாவுக்காகப் படையினருக்குக் கொடுக்கப்பட்ட மஞ்சள் குளிசையான குயினக்கிரினும் டி.என்.ஏ.யில் ஒட்டி ஒளிரக்கூடியது. 1970 அளவில் சுவீடனின் ரோர்பியோன் காஸ்பெர்சனும் அவரது குழுவினரும் குயினக்கிரின் வகைச் சாயங்களைப் பயன்படுத்தித்தான் மனித நிறமூர்த்தங்களை அவற்றின் வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காணும் முறையை உருவாக்கினார்கள்.

ஒட்டுண்ணியைக் கொல்லத் தேடப்பட்ட மூலக்கூறு, மனிதக் கலத்தின் டி.என்.ஏ.யில் ஒட்டிய பின் சும்மா இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

ஹொக்ஸ்ட்: தொடக்க இடத்தில் போட்டி

பல மரபணுக்களின் தொடக்கத்துக்கு அருகில் தைமினும் அடினினும் மாறிமாறி வரும் ஒரு சிறு பகுதி இருக்கும். அதற்கு டாட்டா பெட்டி என்று பெயர். ஒரு குறிப்பிட்ட புரதம் அந்த இடத்தில் வந்து அமர்ந்து டி.என்.ஏ.யை வளைத்தால்தான் அந்த மரபணுக்களின் வாசிப்பு ஒழுங்காகத் தொடங்கும். அந்தப் புரதம் அமர்வது ஒடுங்கிய தவாளிப்பில். ஹொக்ஸ்ட் சாயமும் டாபியும் தேடிப் போகும் தவாளிப்பும் அதுதான். அவை விரும்பும் அடினின்–தைமின் சோடிகளும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரே கதிரையில் இருவர் உட்கார முடியாது. ஒடுங்கிய தவாளிப்பில் படியும் இத்தகைய மூலக்கூறுகள் அந்தப் புரதத்தை அமரவிடாமல் தடுக்கின்றன என்பது 1990களில் சோதனைக்குழாயில் நடந்த பரிசோதனைகளில் காட்டப்பட்டது. மனிதக் குருதிப் புற்றுநோய்க் கலங்களில் ஹொக்ஸ்ட் 33342 இந்தப் புரதத்துக்கும் டி.என்.ஏ.க்கும் இடையிலான பிணைப்பைக் குலைப்பதும், அக்கலங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வதும் பின்னர் பதிவாகின.

முறுக்குத் தளர்த்தும் நொதியமும் தப்பவில்லை. ஹொக்ஸ்ட் சாயங்கள் டோப்போஐசோமரேஸ் 1 என்ற நொதியத்தை, அது டி.என்.ஏ.யை வெட்டிய நிலையிலேயே மாட்டிவிடச் செய்கின்றன என்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டிய இடம் மறுபடி ஒட்டப்படாவிட்டால் அது டி.என்.ஏ.யில் ஒரு காயமாகிறது. காயத்தை உணர்ந்த கலம், திருத்த வேலைக்கான மரபணுக்களைத் தட்டியெழுப்பும். பெருகுவதை நிறுத்தும். அதற்கு முன்னரே, 1973இல், எலியின் கலங்களை ஹொக்ஸ்ட் 33258 கலந்த ஊடகத்தில் வளர்த்தபோது நிறமூர்த்தங்களின் சில பகுதிகள் இறுகிச் சுருளாமல் நீண்டே கிடந்தன என்பதும் கவனிக்கப்பட்டிருந்தது. டி.என்.ஏ. மடிக்கப்படும் விதத்தையே சாயம் மாற்றியிருந்தது.

ஹொக்ஸ்ட் 33258 பிபென்சிமோல் என்ற பெயரில் ஒரு காலத்தில் புற்றுநோய் மருந்தாக மனிதரில் பரிசோதிக்கப்பட்டதற்கும் இத்தகைய ஆற்றலே காரணம். ஒரு மேசையில் அது சாயம், அடுத்த மேசையில் அது மருந்து.

எதிடியமும் தாய்வழி டி.என்.ஏ.யும்

மனிதக் கலத்தின் டி.என்.ஏ. முழுவதும் கருவுக்குள் இருப்பதில்லை. கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிகளுக்குள்ளும் சிறிய வட்ட வடிவ டி.என்.ஏ. இருக்கிறது. அதன் நீளம் 16,569 சோடிகள். அதில் இருப்பவை 37 மரபணுக்கள் மட்டுமே. அவற்றுள் 13 புரதங்களுக்கானவை. இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது.

எதிடியம் நேரேற்றம் கொண்ட மூலக்கூறு. இழைமணியின் உட்புறம் எதிரேற்றம் கொண்டிருப்பதால் எதிடியம் அங்கே இழுக்கப்பட்டுச் சேர்கிறது. இழைமணி டி.என்.ஏ.க்கு ஹிஸ்டோன் போர்வையும் கிடையாது. ஆகவே கருவிலுள்ள மரபணுக்களைப் பெரிதாகப் பாதிக்காத மிகச்சிறு அளவிலேயே, இழைமணி மரபணுக்களின் வாசிப்பையும் அந்த டி.என்.ஏ. பெருகுவதையும் எதிடியம் தடுத்துவிடுகிறது. கலங்கள் பிரியப் பிரிய இழைமணி டி.என்.ஏ. குறைந்துகொண்டே போய், இறுதியில் அறவே இல்லாமற் போகும்.

மைக்கேல் கிங், கியூசெப்பே அட்டார்டி ஆகிய இருவரும் 1989இல் இந்த வழியில்தான் இழைமணி டி.என்.ஏ. முற்றாக அற்ற மனிதக் கலங்களை உருவாக்கினார்கள். அவை உயிர்வாழ ஊடகத்தில் பைருவேற்றும் யூரிடினும் சேர்த்துக்கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய கலங்களுக்குள் நோயாளிகளின் இழைமணிகளைச் சேர்த்து, தாய்வழி வரும் இழைமணி நோய்களை ஆராய முடிந்தது. சாயத்தின் தீமையே ஓர் ஆய்வுக் கருவியாகப் பயன்பட்டது. இழைமணி மரபணுக்கள் ஓய்ந்த பின்னர், அந்த இழப்புக்கு ஈடுகொடுக்கும் விதமாகக் கருவிலுள்ள மரபணுக்களின் வெளிப்பாடும் மாறுவது பிந்திய ஆய்வுகளில் தெரியவந்தது.

மருந்தாகவே பயன்படும் உறவினர்கள்

அக்டினோமைசின் டி வகைப் பொருட்களை 1940இல் செல்மன் வாக்ஸ்மனும் போய்ட் வூட்ரஃபும் மண்ணில் வாழும் பக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அக்டினோமைசின் டி குவானின் இருக்கும் இடங்களில் செருகிக்கொண்டு, ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் நொதியத்தை மேற்கொண்டு நகரவிடாமல் மறிக்கிறது. குறைந்த அளவில், புரதம் ஆக்கும் றைபோசோம்களுக்குரிய ஆர்.என்.ஏ. மரபணுக்களே முதலில் ஓய்கின்றன. அளவு கூடும்போது மற்றைய மரபணுக்களும் ஓய்கின்றன. குழந்தைகளைத் தாக்கும் வில்ம்ஸ் எனப்படும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு இது இன்றும் மருந்து. இதில் சிறு மாற்றம் செய்து பெறப்பட்ட 7-ஏ.ஏ.டி. என்ற மூலக்கூறுதான், இறந்த கலங்களை அடையாளம் காண்பதற்கு ஆய்வுகூடங்களில் பயன்படும் சிவப்பொளிர் சாயம்.

டொக்சோரூபிசின் எமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயராக இருக்கலாம். மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும், பார்வைக்குச் சிவப்பாக இருக்கும் ஊசிமருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இந்த மருந்து தானாகவே செம்மஞ்சளாக ஒளிரக்கூடியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சாயம் எதுவும் சேர்க்காமலே, அது கலத்தின் கருவுக்குள் போய்ச் சேர்வதைக் காணலாம்.

டொக்சோரூபிசின் டி.என்.ஏ. படிகளுக்கு இடையே செருகிக்கொள்கிறது. டோப்போஐசோமரேஸ் 2 என்ற நொதியத்தை மாட்டச் செய்து டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் உடைக்கிறது. இவற்றுக்கு மேலாக, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களையே அது கழற்றிவிடுகிறது என்று 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நூற்கட்டை கழன்றால் மூடியிருந்த மரபணுக்கள் திறக்கும், திறந்திருந்தவற்றின் ஒழுங்கு குலையும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலத்தை இது கொல்கிறது. இருதயத் தசையின் கலங்களுக்கும் தீங்கு செய்யக்கூடியது என்பதால்தான் இந்த மருந்தைப் பெறுவோருக்கு இருதயப் பரிசோதனை செய்யப்படுகிறது. வாழ்நாளில் பெறக்கூடிய மொத்த அளவுக்கும் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. மருந்து ஏறிய பின் ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போவது இந்த மூலக்கூறின் நிறத்தால்தான். அதைக் கண்டு சிகிச்சையை இடைநிறுத்த வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

புதிய சாயங்களும் விதிவிலக்கல்ல

உயிருள்ள கலங்களை மணிக்கணக்கில் அவதானிக்க வேண்டும் என்ற தேவை கூடியபோது, தீங்கு குறைந்தவை என்ற நம்பிக்கையுடன் புதிய சாயங்கள் வந்தன. டிராக்5 என்பது தொலைச்சிவப்பில் ஒளிரும் ஒரு சாயம். கலத்துக்குத் தீங்கான ஊதாக்கடந்த ஒளி இதற்குத் தேவையில்லை. ஆனால் இது உயிருள்ள கலங்களில் ஹிஸ்டோன்களை டி.என்.ஏ.யிலிருந்து பிரிந்துபோகச் செய்வதை 2008இலும் 2010இலும் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. 2015இல் அறிமுகமான சிர்-ஹொக்ஸ்ட், பழைய ஹொக்ஸ்ட் மூலக்கூறோடு தொலைச்சிவப்பில் ஒளிரும் பகுதியொன்றை இணைத்து ஆக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில், 2018இல், இச்சாயம் டி.என்.ஏ. காயத்துக்கான எதிர்வினையைத் தூண்டுவதாகவும் கலப்பிரிவைத் தாமதப்படுத்துவதாகவும் மற்றொரு குழு அறிவித்தது. ஒளிரும் பகுதி மாறினாலும் தவாளிப்பில் படியும் பகுதி பழையதுதான்.

எவ்வளவு பாதிப்பு என்பதை எவை தீர்மானிக்கின்றன?

இவற்றையெல்லாம் வைத்து, சாயம் தொட்ட எந்தக் கலமும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. நான்கு விடயங்களைப் பொறுத்தே பாதிப்பின் அளவு அமைகிறது.

முதலாவது, செறிவு. மிகக்குறைந்த செறிவில் டி.என்.ஏ.யின் சிறுபகுதியே சாயத்தால் நிரம்பும். படத்தைப் பிரகாசமாக்க வேண்டும் என்று செறிவைக் கூட்டும்போதுதான் புரதங்களுக்கு இடமில்லாமற் போகிறது.

இரண்டாவது, நேரம். சில நிமிடங்களில் படமெடுத்து முடிப்பதும், சாயம் கலந்த ஊடகத்தில் இரண்டு நாட்கள் வளர்ப்பதும் ஒன்றல்ல. ஒரு மரபணுவின் வாசிப்பு குறைந்தால் அதன் விளைவு புரதத்தின் அளவில் தெரிய மணித்தியாலங்கள் எடுக்கும்.

மூன்றாவது, ஒளி. ஹொக்ஸ்ட் படிந்த கலத்தின் மீது ஊதாக்கடந்த ஒளியோ ஊதா ஒளியோ விழும்போது டி.என்.ஏ. காயப்படுகிறது. வேண்டுமென்றே டி.என்.ஏ.யில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காயப்படுத்தித் திருத்த வேலையை ஆராய விரும்புவோர், ஹொக்ஸ்ட் சாயத்தையும் ஊதா லேசரையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். வேறொருவருக்குச் சாதாரணப் படப்பிடிப்பாக இருப்பது இவர்களுக்குக் காயப்படுத்தும் முறை.

நான்காவது, கலத்தின் வகை. சில கலங்கள் தம்முள் வரும் சாயத்தை வெளியே தள்ளிவிடும் பம்பிப் புரதங்களைக் கொண்டவை. 1996இல் எலியின் எலும்பு மச்சையில், ஹொக்ஸ்ட் 33342 மங்கலாகத் தெரியும் ஒரு சிறு கலக்கூட்டம் தண்டுக் கலங்கள் நிறைந்தது என்று கண்டறியப்பட்டது. அவை சாயத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தன. இப்பம்பிகள் சில புற்றுநோய் மருந்துகளையும் வெளியேற்றுவதால், சிகிச்சைக்கு மசியாத புற்றுநோய்களை விளங்கிக்கொள்வதிலும் இந்த அவதானிப்பு உதவுகிறது. ஆகவே ஒரே அளவு சாயம் ஊற்றினாலும் எல்லாக் கலமும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை.

ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்?

பொறுப்பான ஆய்வு, சாயம் சேர்த்த கலங்களோடு சாயம் சேர்க்காத கலங்களையும் வைத்து ஒப்பிடும். சாயம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று நிலைகளிலும் பார்க்கும். கலங்கள் வழக்கமான வேகத்தில் பெருகுகின்றனவா, டி.என்.ஏ. காயத்தின் அடையாளங்கள் கூடியிருக்கின்றனவா என்று சோதிக்கும். ஆர்.என்.ஏ. பிரதிகளை எண்ணி, சாயத்தால் எந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறியது என்றும் அறியலாம்.

மாற்று வழிகளும் உண்டு. ஹிஸ்டோன் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதமொன்றை இணைத்துக் கலமே அதை உற்பத்தி செய்யும்படி விடும் முறை 1998இல் அறிமுகமானது. டி.என்.ஏ.யின் தவாளிப்பில் அந்நிய மூலக்கூறு எதுவும் படியாமலே கருவைப் பார்க்க அது உதவியது. அதற்கும் கலத்துக்குள் ஒரு புதிய மரபணுவைப் புகுத்த வேண்டும் என்பதால் அதிலும் ஒப்பீடு அவசியம்.

கலத்தை முதலில் போமலின் போன்றவற்றால் பதப்படுத்திவிட்டுப் பின்னர் சாயமிடுவதுதான் மிக எளிய வழி. பதப்படுத்தியவுடன் கலத்தின் இயக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் எந்த மரபணுவும் வாசிக்கப்படுவதில்லை. வாசிப்பே இல்லாத இடத்தில் சாயம் அதை மாற்றவும் முடியாது. நாம் காணும் நீல வட்டப் படங்களுள் பெருந்தொகையானவை இப்படி எடுக்கப்பட்டவை. அவற்றைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் எச்சரிக்கை பொருந்தாது.

எலும்பிலிருந்து அடையாளம் காணும்போது

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட உறவுகளின் கேள்விக்கு வரலாம். புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்ட எலும்பையோ பல்லையோ பரிசோதிக்கும்போதும் ஒளிரும் சாயங்கள் பயன்படுகின்றன. அவை சான்றைக் கெடுத்துவிடுமா?

கெடுக்காது. இறந்தவரின் எலும்பில் மரபணு வெளிப்பாடு எதுவும் நடப்பதில்லை. எலும்பைத் தூளாக்கி டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்த பின்னர், அந்தக் கரைசலில் ஒரு சிறு துளியை மட்டும் எடுத்தே அளவு பார்க்கப்படுகிறது. மிகுதியில் சாயம் படுவதில்லை. ஆளை அடையாளம் காண உதவும் பகுதிகள், டி.என்.ஏ.யில் சிறு எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். அவற்றின் பிரதிகளைப் பெருக்கி, அந்தத் தொடர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறார்கள். அதற்குப் பயன்படும் ஒளிரும் குறிகள் பிரதிகளின் நுனியில் வேதிப் பிணைப்பால் இணைக்கப்பட்டவை. தவாளிப்பிலோ படிகளுக்கிடையிலோ அமர்பவை அல்ல. எழுத்தின் ஒழுங்கு சாயத்தால் மாறுவதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. டி.என்.ஏ.யில் ஒட்டி ஒளிரும் சாயத்துக்கு யாருடைய டி.என்.ஏ. என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீண்டகாலம் மண்ணில் கிடந்த எலும்பிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ.யில் பெரும்பகுதி மண்ணின் பக்டீரியாக்களுடையதாக இருக்கக்கூடும். சாயம் அதையும் சேர்த்தே ஒளிரும். அளவு நிறைய இருக்கிறது என்று நினைத்த மாதிரியில் மனித டி.என்.ஏ. மிகச் சொற்பமாக இருக்கலாம். இதனால் தடயவியல் ஆய்வுகூடங்கள் மொத்த அளவோடு நின்றுவிடாமல், மனித டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட தொடர்களை மட்டும் பெருக்கி அளவிடும் முறையைப் பயன்படுத்துகின்றன.

எலும்பிலுள்ள டி.என்.ஏ.க்கு உண்மையான எதிரிகள் வெப்பம், ஈரம், மண்ணின் அமிலத்தன்மை, நுண்ணுயிர்கள், காலம் ஆகியவையே. கையுறையின்றித் தொட்டவரின் டி.என்.ஏ. கலந்துவிடுவதும் பெரிய ஆபத்து. கருவின் டி.என்.ஏ. சிதைந்துபோன மாதிரிகளில், ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் பிரதிகளைக் கொண்ட இழைமணி டி.என்.ஏ. எஞ்சியிருக்கக்கூடும். எதிடியம் முதலில் ஓயவைப்பதாக மேலே சொன்ன அதே தாய்வழி டி.என்.ஏ.தான் இது. தாயினதோ, தாய்வழிச் சகோதரர்களினதோ மாதிரியோடு இதை ஒப்பிடலாம். ஒரே தாய்வழியில் வந்த எல்லோருக்கும் இது பொதுவானது என்பதால் தனியொருவரை உறுதிசெய்ய மற்றைய சான்றுகளும் வேண்டும்.

1995இல் சிரெப்ரெனிச்சாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் கிட்டத்தட்ட 7,000 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். உறவினர்கள் கொடுத்த இரத்த மாதிரிகளும் எலும்புகளிலிருந்து பெற்ற டி.என்.ஏ.யும் ஒப்பிடப்பட்டதால் அது சாத்தியமானது. அங்கே பயன்பட்ட சாயங்களும் கருவிகளும் உலகெங்கும் கிடைப்பவை. அகழ்வு, மாதிரிகளைப் பாதுகாத்தல், யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற பதிவு, உறவுகளின் மாதிரிகளைத் திரட்டுதல் ஆகிய அனைத்தும் ஒழுங்காக நடந்தால்தான் அவற்றால் பயன் உண்டு.

எதைக் கேட்க வேண்டும்?

ஒளிரும் கலத்தின் படமொன்றைக் காட்டி, ஒரு மருந்தோ உணவோ கதிர்வீச்சோ மரபணுக்களை இப்படி மாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் சில கேள்விகள் போதும். கலம் உயிரோடு இருந்ததா, பதப்படுத்தப்பட்டதா? எந்தச் சாயம், எவ்வளவு, எத்தனை மணித்தியாலம்? எந்த ஒளி? சாயமே சேர்க்காத கலங்களில் என்ன நடந்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், காணப்பட்ட மாற்றம் அந்த மருந்தால் வந்ததா, பார்ப்பதற்காக ஊற்றிய சாயத்தால் வந்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

புதைகுழி எலும்பின் பரிசோதனை முடிவு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மனித டி.என்.ஏ. எவ்வளவு கிடைத்தது, எத்தனை இடங்கள் ஒப்பிடப்பட்டன, எந்த உறவின் மாதிரியோடு ஒப்பிடப்பட்டது, மாதிரி எடுத்த நாளிலிருந்து அது யார் பொறுப்பில் இருந்தது என்பவையே அவை. இந்த நான்கையும் அறிக்கையில் எழுத்தில் கேட்டுப் பெறுவது குடும்பங்களுக்கும் அவர்களுடைய சட்டத்தரணிகளுக்கும் பயன்படும்.